ஒரு வாளி குப்பைக்கு எத்தனை பை செடி?

சென்னையில் மாடித்தோட்டம் போட நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பைகளைத்தான். முப்பது பை, நாலைந்து தென்னை நார்க்கழிவுக் கட்டி, பதினைந்து வகை விதைப் பொட்டலம். ஆடியில் ஆசை ஆசையாக விதைப்பார்கள். புரட்டாசியில் இலை மஞ்சளாகும், ஐப்பசி மழையில் பாதி அழுகும், பங்குனி வெயிலில் மீதியும் காயும். அடுத்த வருடம் மாடி மூலையில் வெறும் பைகள் மட்டும் அடுக்கிக் கிடக்கும். விதை சரியில்லை, வெயில் அதிகம், தண்ணீர் உப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவையும் உண்டு. ஆனால் முதல் காரணம் அந்தச் செடிகளுக்குச் சாப்பாடு இல்லாததுதான்.

தரையில் நிற்கும் கத்தரிச் செடி உணவு தேடி வேரை எங்கும் நீட்டிக்கொள்ளும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையில், மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டால், சுமார் 18 லிட்டர் கலவைதான் பிடிக்கும். தினமும் ஊற்றும் தண்ணீர் அதிலுள்ள சத்தையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். ஆகவே வெளியிலிருந்து விடாமல் ஊட்டியாக வேண்டும். அந்த ஊட்டத்தை ஒரு குடும்பம் தன் சமையலறையிலிருந்தே எடுக்க முடியும். ஆனால் எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தோட்டத்தின் அளவை அந்த அளவுதான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். அன்றாடம் வீட்டில் சமைக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், டீத்தூள் சக்கை, வாடிய பூ எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். காய்ந்த இலையோடு சேர்த்துப் போட்டால் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நிறையும். நிறைந்த வாளி 45 நாள் சும்மா இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த மூன்று வாளிகள் நிறைந்துவிடும். எனவே நான்கு வாளி போதும்: ஒன்றில் போட்டுக்கொண்டிருப்போம், மூன்று ஓய்வில் இருக்கும். முதிர்ந்த வாளியைச் சலித்தால் 7 முதல் 8 லிட்டர் உரம் கிடைக்கும். மாதம் 15 லிட்டர், வருடத்துக்கு 180 லிட்டர்.

செலவுப் பக்கம் இது. ஒரு பைக்குப் பட்டம், அதாவது விதைப்புப் பருவம், தொடங்கும்போது 4 லிட்டர் உரம் கலக்க வேண்டும், செடி வளர வளர மேலே தூவ இன்னும் 2 லிட்டர் வேண்டும். வருடத்துக்கு இரண்டு பட்டம் என்றால் 12 லிட்டர். 180ஐ 12ஆல் வகுத்தால் 15. இதுதான் ஒரு சமையலறை தாங்கக்கூடிய தோட்டம். முப்பது பை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினாறாவது பையிலிருந்து உரத்தைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வருடம் அதற்கும் குறைவாகத் தொடங்குவது நல்லது. தமிழகத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளை என்னும் பொருள் தொகுப்பில் ஆறு பைகள் இருக்கும். தொடக்கத்துக்கு அந்த எண்ணிக்கை மிகப் பொருத்தம்.

இலை சேர்க்கும் மாதம்

உரத்துக்கு முதலில் தேடி வைக்க வேண்டியது காய்ந்த இலை. காய்கறிக் கழிவில் ஈரமும் நைட்ரஜன் என்னும் தழைச்சத்தும் மிகுதி. அதை மட்டும் மூடி வைத்தால் கொழகொழவென்று அழுகி நாறும். கரிமம் மிகுந்த காய்ந்த பொருளைச் சேர்த்தால்தான் நுண்ணுயிர்களுக்குச் சமநிலை கிடைக்கும். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நல்ல விகிதம். தராசு எல்லாம் தேவையில்லை. ஒரு கிண்ணம் கழிவுக்கு அதே கிண்ணத்தில் ஒரு கிண்ணம் நொறுக்கிய இலை என்று போட்டால் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கும்.

வேம்பு இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் சென்னைத் தெருக்களில் இலைக்குப் பஞ்சமே இல்லை. பெருக்கிக் குவித்து மூலையில் கொளுத்திவிடுகிறார்கள். கொளுத்துவதற்கு முன் இரண்டு கோணிப்பை நிறைய அள்ளி வைத்துக்கொண்டால் பல மாதங்களுக்கு வரும். வேப்பிலையும் தூங்குமூஞ்சி மர இலையும் சிறியவை, சீக்கிரம் மட்கும். வாதாமர இலை பெரியது, தோல்போலத் தடித்தது. கோணியில் போட்டுக் காலால் மிதித்து நொறுக்கித்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் துண்டு, குட்கா உறை, சிகரெட் முனை எல்லாம் கலந்துதான் வரும். சாலையோரம் அள்ளாமல் மரத்தடியிலோ குடியிருப்பு வளாகத்துக்குள்ளோ அள்ளினால் பொறுக்கும் வேலை குறையும். இலை கிடைக்காத நாளில் தென்னை நார்க்கழிவு ஒரு கைப்பிடி போடலாம். அதற்கும் வழியில்லை என்றால் கிழித்த செய்தித்தாள். பளபளப்புத் தாள் கூடாது.

வாளியின் அடியிலும் பக்கவாட்டிலும் 8 மில்லிமீட்டர் துளைகள் இருபது முப்பது போட வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பிளாஸ்டிக்கைச் சுடும் வழக்கம் உண்டு. அந்தப் புகை கெடுதல், ட்ரில் இருக்கிறவர்களிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாளியை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் ஒரு பழைய தட்டு வைக்கலாம். வாளிக்குள் முதலில் மூன்று அங்குலம் இலை. பிறகு அன்றைய கழிவு, அதன் மேல் இலை. முதல் முறை மட்டும் ஒரு டம்ளர் புளித்த மோரைத் தெளிக்கலாம். பழைய உரம் இரண்டு கைப்பிடி கிடைத்தால் மோரைவிட அது மேல், ஏனென்றால் மட்க வைக்கும் நுண்ணுயிர் அதில் ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்துத் தூள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் யார் காய் நறுக்குகிறார்களோ அவர்கள் கையில்தான் இந்த உரத்தின் தரம் இருக்கிறது. கறிவேப்பிலைக் கட்டின் ரப்பர் பேண்ட், கீரைக் கட்டின் பிளாஸ்டிக் நார், ஆப்பிள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், நைலான் டீப்பை, இவை நான்கும் மட்காது, பொறுக்கவும் வராது. நறுக்கும்போதே தனியே போட்டால் வேலை முடிந்தது. டீத்தூளில் சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். ஒரு முறை அலசிப் போட வேண்டும். பூசணித் தோலையும் வாழைப்பழத் தோலையும் கட்டை விரல் அளவுக்கு நறுக்கினால் பாதி நாளில் மட்கும். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் வேண்டாம். சாம்பார், குழம்பு, ஊறுகாய், எண்ணெயில் வதக்கியது எதுவும் கூடாது. உப்பும் எண்ணெயும் நுண்ணுயிரை முடக்கும், எலியையும் அழைத்து வரும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துப் போடலாம்.

கெட்டுப்போனால் மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை. நன்றாகக் கிளறி, இரண்டு கிண்ணம் இலை சேர்த்து, ஒரு நாள் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மூக்கில் சுரீரென்று ஏறும் நெடி வந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. அதற்கும் இலைதான் மருந்து. வாடையே இல்லாமல், போட்டது போட்டபடி கிடந்தால் ஈரம் போதவில்லை. கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வருவது சரியான ஈரம்.

கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பலர் வாளியையே தூக்கிக் கொட்டிவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈ என்னும் பூச்சியின் புழுக்கள். நோய் பரப்புவதில்லை, கழிவை மிக வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ சாப்பாட்டின் மேல் வந்து உட்காராது. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே கூடுதலாக இலை போட்டு ஈரத்தைக் குறைத்தால் தாமாகக் குறையும். தொல்லை தருவது குட்டிப் பழ ஈக்கள்தான். மேல்மட்டத்தில் கழிவு தெரியாதபடி எப்போதும் இலை மூடியிருந்தால் அவை அண்டாது.

உரம் முதிர்ந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு கைப்பிடியை லேசாக நனைத்து, காற்றுப் புகாமல் கவரில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். மண் வாசனை வந்தால் தயார். நாறினால் இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். முதிராத உரத்தைப் பையில் போடுவது நல்லதை விடக் கெடுதலையே செய்யும். அது மட்கி முடிய மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும், வேரும் சூட்டில் கருகும். உரம் போட்டும் செடி வாடுகிறதே என்ற குழப்பத்துக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

பங்குனித் தொடக்கத்தில் முதல் வாளியைத் தொடங்கினால் ஆடி பிறக்கும்போது ஐந்து வாளி முதிர்ந்திருக்கும், கையில் 35 முதல் 40 லிட்டர் இருக்கும். முதல் முறை நிரப்பும் பைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 லிட்டர் உரம் வேண்டும். ஆறு பைக்குச் சரியாக இருக்கும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பையும் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பது நம் கையில் இல்லை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்த மலைகளில் ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே புதைந்தன. பெருங்குடிக் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. நாளுக்கு ஒரு கிலோ வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றால் வருடத்துக்கு 365 கிலோ. இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு ஒரு செடிகூட வைக்காத குடும்பத்தையும் நான் மதிப்பேன். உரத்தைத் தெருமுனை மரத்தடியில் போட்டாலும் அது வீண் இல்லை.

மாடியின் பலம், பையின் எடை

செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு, பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு. இந்தக் கலவை சென்னை வெயிலுக்குப் பொருந்தும். மண்ணே இல்லாமல் நார்க்கழிவை மட்டும் நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. எடை குறையும் என்பது உண்மை. ஆனால் நார்க்கழிவில் சத்து இல்லை, காய்ந்துவிட்டால் மறுபடி நீரை எளிதில் ஏற்காது, மேலே ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே போய்விடும். மண்ணை மட்டும் நிரப்பினாலோ இறுகிப் போகும், நனைந்த பை 30 கிலோவைத் தாண்டும். மூன்றும் கலந்த பை 20 கிலோவை ஒட்டி நிற்கும்.

நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் உப்பாகத் தங்கியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். அதைப் பெரிய தொட்டியில் ஊறவைத்து, கோணித்துணியில் கொட்டி நீரை வடித்து, திரும்ப ஊறவைத்து, மூன்று முறை செய்ய வேண்டும். வடியும் நீர் முதலில் டீ நிறத்தில் இருக்கும், பிறகு வெளிறும். இதைச் செய்யாமல் நேராகப் பையில் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று இந்தியத் தர நிர்ணயம் வைத்துக் கட்டிடங்களை வடிவமைக்கிறார்கள். சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 80 கிலோ. ஆள் நிற்கவும் இடம் இருக்கிறது. ஆனால் பைகளை மாடி நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் ஓடும் கோட்டின் மேல், கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைப்பதே பாதுகாப்பு. பழைய வீடு, கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்த கூரை என்றால் பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே ஒரு பையாவது ஏற்ற வேண்டும்.

பையைத் தரையில் வைக்கவே கூடாது. செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ குறைந்தது நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும். அடியில் ஈரம் நின்றால் பாசி பிடிக்கும், தளத்தின் ஓட்டு இடுக்கில் வேர் இறங்கும், கீழ் வீட்டுக்காரர் கூரையில் கறை தெரியும். அடுக்குமாடியில் தோட்டங்கள் நின்றுபோவதற்கு இந்தக் கறைச் சண்டை ஒரு பெரிய காரணம். மழைநீர் போகும் குழாய் வாயில் மண்ணும் இலையும் போய் அடைக்காதபடி வலை ஒன்று கட்டாயம். பைகளுக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். உர வாளிக்கு அடியில் உள்ள தட்டையும் வாரம் இரண்டு முறை கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆடியில் நன்றாக வெயில் வாங்கிய வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் மார்கழியில் நிழலில் மூழ்கிவிடும். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. கீரைக்கும் புதினாவுக்கும் நான்கு போதும்.

என்ன விதைப்பது

பதினைந்து பை ஒரு வீட்டின் காய்கறித் தேவையை முழுக்கத் தீர்க்காது. கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் மூன்றையும் தீர்க்கும். வெண்டையும் கத்தரியும் வாரம் ஒரு நாளுக்கு வரும். அப்படித்தான் திட்டமிட வேண்டும். கடையில் வாங்கினால் அன்றே வாடுவதும் மருந்து அதிகம் அடிக்கப்படுவதும் எதுவோ அதை மாடியில் வைப்போம். வெங்காயம், உருளை, கேரட் எல்லாம் கடையிலேயே இருக்கட்டும்.

கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். மீன் கடையில் போடும் தெர்மோகோல் பெட்டி அருமையான கீரைத் தொட்டி. அடியில் பத்துத் துளை போட்டு ஆறு அங்குலம் கலவை நிரப்பினால் போதும். பெட்டி நான்கு. வாரம் ஒரு பெட்டி என்று விதைத்தால் மாதம் முழுக்கக் கீரை வந்துகொண்டே இருக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைப் பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். இரண்டு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே மெல்லிய உரப் போர்வை போதும், புதைத்தால் முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிப் போய்விடும். பெட்டியைச் சுற்றி அரிசி நொய் கொஞ்சம் தூவி வைத்தால் மூன்று நாள் அதிலேயே மும்முரமாக இருக்கும், அதற்குள் முளை வந்துவிடும்.

வெண்டையை நேரடியாக விதைக்க வேண்டும். இரவு ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் பைக்கு மூன்று விதை. முளைத்த பின் நல்லதாக இரண்டை விட்டு ஒன்றைக் கிள்ளிவிடலாம். 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். ஆறு செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குத் தேறும். பறித்த காயை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு முறை சேர்த்து வைப்பது வழக்கம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நாற்று. தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள். கத்தரிக்கு 15 அங்குலப் பையில் ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறை.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிப் பூவில் மகரந்தம் வேலை செய்யாது, பூக்கும், உதிரும். சித்திரை, வைகாசியில் சென்னையின் இரவே 27, 28 டிகிரி. அந்த மாதங்களில் எந்த டானிக் தெளித்தாலும் காய் பிடிக்காது. புரட்டாசியில் நாற்று நட்டு, மழையில் காப்பாற்றி, மார்கழி, தை, மாசியில் பறிப்பதே தக்காளிக்கான வழி. அணில் கடிக்கும் முன், காய் அடிப்பக்கம் லேசாக வெளுத்துச் சிவக்கத் தொடங்கும்போதே பறித்து உள்ளே பழுக்க வைக்கலாம். சுவை குறையாது.

கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் அவசரப்படாமல் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதுவரை வெறும் இலையாகப் படர்ந்து நிற்பதைப் பார்த்துப் பிடுங்கிவிடக் கூடாது. சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும், பூசணியும் பாகலும் காலையில். நான்காம் மாடிக்குத் தேனீ குறைவாகவே வரும். பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் குட்டிக் காய் உள்ள பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். வீட்டுப் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. எந்தப் பூ எந்த நேரம் விரியும் என்று இரண்டே வாரத்தில் பெரியவர்களுக்கு அவர்களே சொல்லித் தருவார்கள்.

தண்ணீர்

பைக்குக் குளிர்ந்த மாதங்களில் ஒரு லிட்டர், கோடையில் மூன்று லிட்டர். பதினைந்து பைக்குக் கோடையில் 45 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரிக்குக் காத்திருந்த ஊரில் இதைக் குழாயிலிருந்து எடுப்பது மனதுக்கு ஒப்பாது, தேவையும் இல்லை. அரிசி களைந்த கழுநீரும் காய் அலசிய நீரும் சேர்ந்து நாளுக்கு எட்டுப் பத்து லிட்டர் வரும். சென்னையின் புழுக்கத்தில் இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஏசியிலிருந்து இன்னொரு எட்டு லிட்டரை ஒட்டி வடியும். அதில் உப்பே இல்லை, செடிக்கு மிக நல்லது. குழாயின் முனையை ஒரு மூடிய கேனுக்குள் விட்டால் முடிந்தது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நான் சேர மாட்டேன். உள்ளே போன நீரின் உப்பெல்லாம் செறிந்து வெளிவருவது அது. தரையில் உள்ள மரத்துக்கு ஊற்றினால் மழை வந்து கழுவிவிடும். பையில் உப்பு நாள்தோறும் படிந்து, மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்து, இலை ஓரம் கருகும். அந்த நீர் தரை துடைக்கவும் கழிவறைக்கும் நல்லது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால், வாரம் ஒரு முறையாவது ஏசி நீரோ மழை நீரோ தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

நீர் ஊற்றுவது காலை ஏழு மணிக்குள். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றக் கூடாது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே இரண்டு அங்குலம் இலை மூடாக்குப் போட்டால் கோடையில் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும். சொட்டுநீர் போட விரும்பினால் ஒரு செய்தி: கடையில் விற்கும் பெரும்பாலான சொட்டுவான்கள் மோட்டார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. மாடித் தொட்டியிலிருந்து ஐந்தாறு அடி உயர வேறுபாட்டில் வரும் நீருக்கு அவை சரியாகச் சொட்டாது. 16 மில்லிமீட்டர் குழாயில் துளையிட்டு, சொட்டுவானே இல்லாமல் நுண்குழாயை மட்டும் செருகி, அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்து அளவைச் சரிசெய்வதே மாடிக்குத் தோதானது. தொட்டி வாயிலில் வடிகட்டி இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பாசி அடைக்கும்.

பூச்சியும் மழையும்

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைத் தேடுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதைச் செடி செடியாகச் சுமந்து போகிறது. தாங்கிக் கால்களைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவிய துணி கட்டினால் வழி அடைபடும். பஞ்சு பஞ்சாக ஒட்டியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீரில் முதலில் காதி சோப்புக் கரைசல் ஒரு மில்லி, நுரைத்த பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி. வரிசையை மாற்றினால் எண்ணெய் கலக்காமல் மிதந்து, ஒரு செடிக்கு வெறும் நீரும் இன்னொரு செடிக்கு வெறும் எண்ணெயுமாகப் போய் இலை கருகும். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். வந்த பிறகு ஒரே நாளில் விரட்டலாம் என்று அளவைக் கூட்டுவதால் பயனில்லை.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைப்பின்னல்போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டு வந்த நச்சுயிரி. மருந்தே கிடையாது. அன்றே பிடுங்கிக் கவரில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், உர வாளியிலும் போடக் கூடாது. வாளியின் சூடு 40 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். நோயைக் கொல்ல அது போதாது.

வாரக் கடைசியில் மீன் வாங்கும் வீடுகளுக்கு இன்னொரு நல்ல ஊட்டம் உண்டு. மீன் கழிவும் அதே எடை நாட்டு வெல்லமும் பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து, நீர் ஒரு சொட்டும் சேர்க்காமல் மூடி நிழலில் வைக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் டப்பா உப்பி வெடிக்கும். 25 நாளில் தேன்போல ஒரு திரவம் வரும், நாற்றம் இருக்காது. இந்த மீன் அமிலத்தில் 5 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து இரு வாரத்துக்கு ஒரு முறை தெளிக்கலாம். நாறினால் வெல்லம் குறைந்துவிட்டது அல்லது நீர் புகுந்துவிட்டது. சைவக் குடும்பங்களுக்குப் பஞ்சகவ்யா இருக்கிறது, லிட்டருக்கு 30 மில்லி.

ஐப்பசி பிறக்கும் முன் எல்லாப் பைகளையும் சாய்த்து அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். மழைக் காலத்தில் சாகும் செடிகளில் பெரும்பகுதி நீர் வடியாமல் வேர் அழுகிச் சாகிறது. நாற்றுகளையும் கீரைப் பெட்டிகளையும் படிக்கட்டுக் கூரையின் கீழ் கொண்டுவரலாம். பெருமழைக்குப் பிறகு பையிலிருந்த தழைச்சத்தெல்லாம் கரைந்து போயிருக்கும். மழை ஓய்ந்த இரண்டாம் நாள் பைக்கு ஒரு கைப்பிடி உரம் போட்டால் வெளிறிய இலை ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். புயல் அறிவிப்பு வந்தால் நிழல்வலையை முதலில் கழற்றுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது நகரத்தில் பெரு மரங்களே வேரோடு சாய்ந்தன. விரித்துக் கட்டிய வலை அப்படிப்பட்ட காற்றில் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். பந்தல் கொடிகளைக் கயிறு தளர்த்தித் தரையில் படுக்க வைக்கலாம். கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியும் எந்த மாதத்திலும் இருக்கக் கூடாது. கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

சித்திரையில் 50 சதவீத நிழல்வலை கட்டி, வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பசலை இவற்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மற்றப் பைகளைக் காலி செய்து, பழைய கலவையைத் தரையில் பாலிதீன் விரித்துப் பரப்பி, வேர்க்கட்டைகளைப் பொறுக்கி, பத்து நாள் வெயிலில் காய வைக்கலாம். கத்திரி வெயில் இதற்கென்றே வந்ததுபோல் பூஞ்சணத்தையும் நூற்புழுவையும் குறைத்துவிடும். பிறகு ஒவ்வொரு பைக்கும் 4 லிட்டர் புது உரமும் 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஈரம் தெளித்து, இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். இவை இருந்த பையில் அடுத்த பட்டத்துக்கு அவரையோ கொத்தவரையோ கீரையோ வைக்க வேண்டும். எந்தப் பையில் என்ன இருந்தது என்று பையின் மேலேயே பெயின்டால் எண் போட்டு, சமையலறை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் விதை போடலாம். பை இரண்டு மூன்று வருடத்தில் வெயிலில் உரிந்து தூளாகத் தொடங்கும். தூளாகும் வரை வைத்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக் கலவைக்குள்ளேயே கலந்துவிடும். ஓரம் நொறுங்கத் தொடங்கியதுமே மாற்றி, பழையதைக் கழுவிக் காயவைத்துப் பழைய பொருள் கடையில் போட்டுவிட வேண்டும்.